குறுக்கு வலி: படுக்கையிலிருந்து பட்டறைக்கு

பத்து மணி நேரம் ஓட்டிவந்த லாரியிலிருந்து ஓட்டுநர் இறங்குவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கதவைத் திறந்ததும் அவர் இறங்கிவிடமாட்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உடம்பை மெல்லப் பக்கவாட்டில் திருப்புவார். ஒரு காலைப் படியில் வைத்து, மறு காலை இழுத்துக்கொண்டு, கடைசிப் படிக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரத்தை ஒரே குதியில் கடப்பார். தரையில் நின்றதும் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் வளைவார். அதற்குப் பிறகுதான் நடை. அடுத்த அரை மணி நேரத்தில் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்க வண்டிமேல் ஏறியிருப்பார். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு சாலையோரங்களில் அன்றாடம் நடப்பது இது. யாரும் இதை நோய் என்று நினைப்பதில்லை. "குறுக்குப் புடிச்சிருச்சுங்க, வேற ஒண்ணுமில்ல" என்று அவரே சொல்லிவிடுவார்.

சேலம், நாமக்கல் சமவெளியின் பிழைப்பு பெரும்பாலும் முதுகை நம்பியது. நாமக்கல்லின் லாரிகளும் கேஸ் டேங்கர்களும் திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் வண்டிகளும் நாடு முழுக்க ஓடுகின்றன. இளம்பிள்ளையில் சேலைத் தறி. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் தரையில் சம்மணமிட்டுக் குனிந்து ஊதும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசிக்குப் பின்னால், குச்சிக்கிழங்குக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து தோல் சீவும் பெண்கள் இருக்கிறார்கள். கோழிப் பண்ணையில் தீவன மூட்டை, மண்டியில் மிளகாய் மூட்டை, அரிசி மூட்டை. குறுக்கு வலி என்றால் என்னவென்று இந்த ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உலகக் கணக்கும் பெரியதுதான். 2020-ல் 61 கோடியே 90 லட்சம் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தார்கள் என்றும், 2050-ல் இது 84 கோடியைத் தாண்டும் என்றும் உலக நோய்ச் சுமை ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. மனிதர்களை முடக்கிப்போடும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். இதயநோயும் சர்க்கரையும் ஆயுளைக் குறைக்கின்றன. குறுக்கு வலி ஆயுளைத் தொடுவதில்லை. நாற்பது வயதுக்காரரின் சம்பாத்தியத்தைத் தொடுகிறது.

திடீரென்று பிடித்துக்கொள்ளும் வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகத் தணிந்துவிடும். மூன்று மாதத்தைத் தாண்டியும் விடாமல் இருந்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். இப்படி நாள்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று கை வைத்துக் காட்டக்கூடிய ஒற்றைக் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. காரணம் தெரியாத வலியை யாராலும் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. அதனால் ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டே போகிறார்கள்.

அந்தத் தேடல் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் போகிறது. முதலில் தைலமும் ஒத்தடமும். பிறகு சுளுக்கு வழிப்பவர். அதற்கடுத்து மெடிக்கல் கடையில் "குறுக்கு வலிக்கு ரெண்டு செட் மாத்திரை". அந்த செட்டில் என்னென்ன இருக்கிறது என்று கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. வலி நிவாரண மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும் என்பது பலருக்கு வெகு தாமதமாகத்தான் தெரியவருகிறது. பிறகு பெல்ட். கடைசியில் ஸ்கேன். ஸ்கேன் அறிக்கையோடு ஒரு தீர்ப்பும் வருகிறது: "டிஸ்க் விலகியிருக்கு. இனிமே குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது."

லாரி ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாதவரிடம் இனி ஓட்டக் கூடாது என்று சொல்வது சாதாரண ஆலோசனை அல்ல. வண்டித் தவணை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்குகின்றன. அவர் ஒரு மாதம் வீட்டில் படுத்திருப்பார். பிறகு கடன் நெருக்க, அதே முதுகோடு, முன்னைவிட அதிக பயத்தோடு மறுபடியும் லைனுக்குப் போவார்.

அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான ஸ்கேன் படம் உண்மையில் எவ்வளவு சொல்கிறது? முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டிய ஓர் ஆய்வுத் தொகுப்பு 2015-ல் வெளிவந்தது. வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 50 வயதில் அது 80 சதவீதம். 80 வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கமும் அப்படித்தான்: 20 வயதில் 30 சதவீதம், 50 வயதில் 60 சதவீதம். தலைமுடி நரைப்பதுபோல வயதோடு வருகிற மாற்றங்கள் இவை. வலியோடு வந்தவரின் படத்திலும் தேய்மானம் தெரியும். அவரோடு துணைக்கு வந்த, வலியே இல்லாத மைத்துனரைப் படமெடுத்தால் அதிலும் தெரிய நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்கேன் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எப்போது கட்டாயம் வேண்டும் என்பதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் படத்தில் தெரியும் தேய்மானத்தை மட்டும் வைத்து ஒருவரின் தொழிலை நிறுத்திவிட முடியாது.

டிஸ்க்கைப் பற்றி நாம் அதிகம் தெரிந்துகொள்ளக் காரணமான ஆய்வுகளில் சில, சேலத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் நடந்தவை. கோவை கங்கா மருத்துவமனையில் முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரனின் குழு, உயிருள்ள மனிதர்களின் டிஸ்க்குக்குள் ஊட்டம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. மூலம் மணிக்கணக்கில் தொடர்ந்து படமெடுத்துக் காட்டியது. 2004-ல் அந்த ஆய்வுக்கு முதுகுத்தண்டு ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் பரிசு வழங்கியது. வளர்ந்த மனிதரின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்பின் மெல்லிய தட்டு வழியாக ஊட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்ளே போக வேண்டும். விபத்தில் 'விலகிய' தட்டு என்று பலரும் கற்பனை செய்துகொள்ளும் பொருள், உண்மையில் இப்படி மெதுவாகச் சாப்பிட்டு மெதுவாக மாறிக்கொண்டிருக்கும் உயிருள்ள திசு.

ஓய்வு பற்றிய நம்பிக்கையும் இதேபோல ஆட்டம் கண்டது. 1995-ல் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களில் புதிதாக முதுகு வலி வந்த 186 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நாள் முழுப் படுக்கை. இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாவது குழுவிடம், வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். வேகமாகத் தேறியது மூன்றாவது குழு. கடைசியாகத் தேறியது படுத்திருந்த குழு. இரண்டே நாள் படுக்கைக்கு இந்தக் கதி என்றால், மாதக்கணக்கில் படுத்தவருக்குத் தசை வற்றுகிறது, மூச்சு வாங்குகிறது, நம்பிக்கை போகிறது. நாமக்கல்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் ஆகாது. ஆறு மாதம் ஷெட்டில் நிறுத்திய வண்டியின் பேட்டரியும் டயரும் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் செயல்திறன் மீட்புச் சிகிச்சை வருகிறது. 1980-களில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் எலும்பு மருத்துவர் டாம் மேயரும் உளவியலாளர் ராபர்ட் கேட்செலும் இதற்கு ஒரு முழு வடிவம் கொடுத்தார்கள். வேலையில் முதுகு அடிபட்டு மாதக்கணக்கில் வீட்டில் இருந்த தொழிலாளர்கள் அவர்களிடம் வந்தார்கள். எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட, எவ்வளவு குனிய முடிகிறது, எவ்வளவு தூக்க முடிகிறது, எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது என்பதை அளந்தார்கள். அளந்ததைப் பயிற்சியால் படிப்படியாகக் கூட்டினார்கள். கூடவே மனநல ஆலோசனை, வேலைக்குத் திரும்புவதற்கான திட்டம். 1987-ல் வெளியான முடிவின்படி, சிகிச்சை பெற்றவர்களில் 87 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுகள் கழித்து வேலையில் இருந்தார்கள். பெறாத குழுவில் 41 சதவீதம் மட்டுமே. அந்த ஆய்வில் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் வந்த கடுமையான சோதனைகளில் பலன் இவ்வளவு பெரிதாக இல்லை. ஆனால் திசை மாறவில்லை.

லாரி ஊருக்கு இன்னும் நெருக்கமான சான்று ஸ்வீடனில் இருக்கிறது. கோத்தன்பர்க் நகரில் வால்வோ தொழிற்சாலையின் 103 தொழிலாளர்களிடம் நடந்த சோதனை அது. 1992-ல் முடிவு வெளியானது. பிசியோதெரபிஸ்ட் முதலில் தொழிலாளியின் திறனை அளந்தார். பிறகு அவர் வேலை செய்யும் இடத்துக்கே போய், என்ன தூக்குகிறார், எப்படித் திரும்புகிறார் என்று பார்த்தார். அதற்கேற்ற பயிற்சியை, முன்பே குறித்த அளவில், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டாம் ஆண்டில் பயிற்சிக் குழு முதுகு வலிக்காக எடுத்த விடுப்பு சராசரியாக 12 வாரம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் எடுத்தது ஏறத்தாழ 20 வாரம். இந்தச் சோதனையின் மிக முக்கியமான அம்சம் எந்தக் கருவியும் அல்ல. பிசியோதெரபிஸ்ட் வேலைத்தளத்துக்கு நடந்து போனதுதான்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது? முதல் சந்திப்பில் கேள்வி மாறுகிறது. "வலி பத்துக்கு எத்தனை?" என்பதோடு நிற்காமல், "உங்களுக்கு ரொம்ப வேண்டிய, ஆனா இப்ப செய்ய முடியாத மூணு வேலை எது?" என்று கேட்கப்படுகிறது. ஓட்டுநர் சொல்வார்: ரெண்டு மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்டணும், கேபின்ல ஏறி இறங்கணும், தார்ப்பாய் கட்டணும். நெசவாளிக்கு வேறு மூன்று. கிழங்கு சீவும் அம்மாவுக்கு இன்னும் வேறு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை அவரே மதிப்பெண் போடுகிறார். சிகிச்சையின் வெற்றி தோல்வி அந்த மூன்று எண்களில் இருக்கிறது.

அடுத்தது, தொடங்கும் அளவைக் கண்டுபிடிப்பது. பெரும்பாலான வலிக்காரர்கள் ஒரு சுழலில் மாட்டியிருக்கிறார்கள். வலி குறைவான நாளில், விட்டுப்போன ஒரு வார வேலையையும் அன்றே முடித்துவிடுகிறார்கள். அடுத்த மூன்று நாள் எழ முடிவதில்லை. 'பார்த்தியா, வேலை செஞ்சா வலி வரும்' என்ற பாடத்தை உடம்பு இன்னும் ஆழமாகப் படித்துக்கொள்கிறது. இதை உடைக்க ஒரு கணக்கு உண்டு. நடையை எடுத்துக்கொள்வோம். மூன்று நாட்கள், முடிந்த மட்டும் நடந்து நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். சராசரி 10 நிமிடம் வந்தால் தொடக்கம் 8 நிமிடம். முதல் வாரம் தினமும் 8 நிமிடம்தான். வலி இல்லாத நாளிலும் 8, வலிக்கிற நாளிலும் 8. அடுத்த வாரம் 10. அதற்கடுத்த வாரம் 12. எப்போது நிறுத்துவது என்பதை வலி முடிவு செய்வதில்லை. முன்கூட்டியே எழுதிய அட்டவணை முடிவு செய்கிறது. சியாட்டிலில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் 1970-களில் வகுத்த முறை இது. கேட்க எளிது. நல்ல நாளில் 8 நிமிடத்தோடு நிறுத்துவதுதான் உழைத்துப் பழகியவர்களுக்கு மிகக் கடினமான பகுதி.

ஓட்டுநருக்கு வருவோம். உட்கார்ந்த நிலையில் மனித முதுகெலும்பு வினாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 அதிர்வுகளில் அதிகமாகக் குலுங்கும். கனரக வாகனங்களின் இருக்கை அதிர்வு பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பல மணி நேரம் குலுங்கிச் சோர்ந்த தசையோடு உயரத்திலிருந்து குதித்து, உடனே லோடில் கை வைப்பது முதுகுக்கு இரட்டைச் சுமை. அவருக்கான பயிற்சி ஜிம்மில் இல்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பத்து முறையில் தொடங்கும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. முழங்கால் உயரப் படியில் ஏறி இறங்குவது. அது கேபின் ஏறுவதற்கான ஒத்திகை. காலி வாளி, அரை வாளி, முழு வாளி என்று தூக்கி நடப்பது. கடைசியில் நிஜத் தார்ப்பாய். ஓட்டுவதும் அட்டவணைக்குள் வருகிறது: முதலில் 40 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றிவருவது, பிறகு 60, பிறகு 90. இறங்கியதும் ஐந்து நிமிடம் நடந்த பிறகே லோடு. வண்டியைப் பார்த்தபடி, கைப்பிடியைப் பிடித்து, படிப்படியாக இறங்குவது. இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வரிசையும் விடாப்பிடியும்தான் மருந்து.

குழித்தறி நெசவாளியின் முதுகு வேறு விதமாக உழைக்கிறது. கால்கள் குழிக்குள் மிதிகட்டையை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. ஒரு கை நாடாவை வீச, இன்னொரு கை பலகையை இழுத்து அடிக்கிறது. கண் பாவின்மேல் இருக்க வேண்டியதால் மார்பு முன்னால் சாய்கிறது. உட்காரும் பலகைக்குச் சாய்மானம் கிடையாது. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு நெய்யும் கைக்கும் இதே இருப்புதான். இங்கே பயிற்சியோடு பலகையும் மாற வேண்டும். பலகையை இரண்டு விரற்கடை உயர்த்தி, முன்பக்கம் சற்றே சரித்தால் இடுப்பு நிமிர இடம் கிடைக்கும். ஒரு முழம் நெய்ததும் குழியிலிருந்து எழுந்து கையை மேலே தூக்கிப் பின்னால் வளைந்து உட்காரலாம். நாடாவிலுள்ள நூல் தார் தீர்ந்து மாற்றும் நேரத்தையே இதற்கான மணியாக வைத்துக்கொண்டால் மறக்காது. தறியில் நேரம் கூட்டுவதும் நடைக்குச் சொன்ன அதே கணக்கில்தான்.

பெண்களிடம் ஒரு தனிப் பேச்சு தேவைப்படுகிறது. "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அதுலருந்துதான்" என்று சொல்லாத வீடு இந்தப் பக்கம் அரிது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆனால் நீடித்த முதுகு வலிக்கு அந்த ஊசி காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. காரணத்தை வேறு பக்கம் தேட வேண்டும். கர்ப்ப காலத்தில் நெகிழ்ந்த மூட்டுகளும் விரிந்த வயிற்றுத் தசையும் பழைய பலத்துக்கு வரும் முன்பே குடமும் குழந்தையும் இடுப்பில் ஏறிவிடுகின்றன. தூக்கம் இல்லை. பிரசவத்துக்குப் பின் வயிற்றுத் தசைக்கு, இடுப்புத் தசைக்கு என்று யாரும் பயிற்சி சொல்லித்தருவதில்லை. ஊசியைக் குற்றம் சொல்லும்போது ஒரு பெரிய நட்டம் நேர்கிறது: போட்டுவிட்ட ஊசியை இனி எடுக்க முடியாது, அதனால் வலியும் போகாது என்று அவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். தசையைப் பலப்படுத்த முடியும். பத்து வருடம் கழித்தும் முடியும்.

பயம் இந்த நோயில் பாதி. முதுகு வலியைப் பேராபத்தாக எண்ணுபவர் அசைவைத் தவிர்ப்பார், தவிர்க்கத் தவிர்க்க உடம்பு பலவீனமாகும், பலவீனமான உடம்பு சின்ன அசைவுக்கும் வலிக்கும், பயம் உறுதிப்படும். நெதர்லாந்தின் யோகான் ஃப்ளாயன், ஸ்வீடனின் ஸ்டீவன் லின்டன் ஆகிய உளவியலாளர்கள் 2000-ல் இந்தச் சுழலைத் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். கடன் கவலை, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் இதில் எண்ணெய் ஊற்றுகின்றன. மனமும் காரணம் என்று சொன்னால், வலியை நடிப்பு என்கிறார்கள் என்று பலர் மனம் புண்படுகிறார்கள். வலி முழுக்க நிஜம். நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலம் கூர்மையாகி, சாதாரண அசைவையும் ஆபத்தாக மூளைக்குச் சொல்கிறது. நீடித்த வலிக்கும் புதுக் காயத்துக்கும் உள்ள வேறுபாட்டை நோயாளிக்குப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி. உடற்பயிற்சி, மனநல ஆலோசனை, வேலை சார்ந்த திட்டம் மூன்றையும் சேர்த்துத் தரும் சிகிச்சை பற்றி 41 சோதனைகளையும் 6,858 நோயாளிகளையும் அலசிய காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, உடல் சார்ந்த சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் வேலையில் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது. வலி குறைந்த அளவு மிதமானதுதான். இதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடுவது நேர்மை.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று முதல்முறையாக வழிகாட்டு நெறி வெளியிட்டது. நோய் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மசாஜ் போன்ற கைச் சிகிச்சைகள், மனநலச் சிகிச்சை, தேவைப்பட்டால் மருத்துவர் கண்காணிப்பில் வலி மாத்திரை ஆகியவற்றை அது ஏற்கிறது. வழக்கமாகத் தர வேண்டாம் என்று சொல்பவற்றின் பட்டியல்தான் நம் ஊர்க்காரர்களை வியக்கவைக்கும்: இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், தோல்மேல் மின்சாரம் வைக்கும் டென்ஸ். "பத்து நாள் கரண்ட் வச்சேன்" என்று சொல்லும் பலருக்கும் கிடைத்த சிகிச்சை பெரும்பாலும் இந்த வகைதான். கரண்ட் வைக்கும் இருபது நிமிடம் படுத்துக் கிடப்பதற்குப் பதிலாக, அதே இருபது நிமிடம் பிசியோதெரபிஸ்ட் எதிரில் நின்று தூக்கவும் குனியவும் சொல்லித்தந்தால் பலன் அதிகம். கூட்டம் நிரம்பிய பிரிவில் கருவியை மாட்டிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பது எளிது என்பது புரிகிறது. ஆனாலும் கேட்டுப் பெற வேண்டியது பயிற்சியைத்தான்.

சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் பயிற்சியைப் பற்றியே பேசக் கூடாது, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, சிறுநீர் வராமல் நிற்பது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் திடீரென்று பலமிழப்பது ஆகியவை அவசரம், மணிக்கணக்கு முக்கியம். காய்ச்சலோடும் எடை இழப்போடும் முதுகு வலி வந்தால் முதுகெலும்புக் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். அது நம் நாட்டில் அபூர்வம் அல்ல. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், விழுந்து அடிபட்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த முதியவர்கள் தாமதிக்கக் கூடாது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடக்க நடக்கச் சரியாகும் இளைஞர்களுக்கு வாத நோய் மருத்துவரின் பரிசோதனை வேண்டும். இவர்களுக்கு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் கட்டாயம்.

மற்றவர்களுக்குத் தொடங்குமிடம் தொலைவில் இல்லை. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் தொடங்கிவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாமக்கல்லும் ஒன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்டை அனுப்புகிறது. வீட்டுக்குப் போகும் பிசியோதெரபிஸ்ட் தறிக்குழியையும் அடுப்படியையும் கண்ணால் பார்க்கிறார். வால்வோ சோதனையில் செலவு செய்து செய்த காரியத்தை இந்தத் திட்டம் இயல்பாகவே செய்கிறது. படுத்த படுக்கையானவர்களுக்கு அடுத்தபடியாக, வேலையை விட்டுக்கொண்டிருக்கும் முதுகு வலிக்காரர்களையும் அது தேடிப் போக வேண்டும். வலி தணிந்தவர்களுக்கு நடை உதவும் என்பதற்கும் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்து 2024-ல் வெளியான சோதனையில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. நடைத் திட்டம் தரப்படாதவர்களுக்கு 112 நாள்.

பயிற்சி பாதி வேலையைத்தான் செய்யும். சரியாகத் தூக்கக் கற்றுக்கொடுப்பது மட்டும் முதுகு வலியைத் தடுப்பதில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. மூட்டையின் எடையும் வேலை நேரமும் மாறாதவரை தொழிலாளியின் தசையை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேர வேலையையும், ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வையும் சொன்னது. நீண்ட தூர லைன் வண்டியில் இது எந்த அளவு நடந்தது என்று ஓட்டுநர்களைக் கேட்டால் தெரியும். 2021-ல் தமிழ்நாடு அரசு கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. நாள் முழுக்க நின்ற ஜவுளிக்கடைப் பெண்களுக்கு அது தந்த நிம்மதி சிறிதல்ல. ஜவ்வரிசி ஆலைகளிலும் இதுபோல ஒன்று வேண்டும்: கிழங்கைத் தரையில் கொட்டாமல் இடுப்பு உயர மேடையில் கொட்டினால், சீவும் பெண்கள் பெஞ்சில் நிமிர்ந்து உட்காரலாம். மேடை கட்ட ஆகும் செலவு பெரிதல்ல.

இப்போது புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயமாகியிருக்கிறது. ஓட்டுநரின் உடம்பைப் பற்றிச் சட்டம் யோசிக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. ஆனால் சாலையில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை பழைய வண்டிகள்தான். சேசிஸை மட்டும் வாங்கிவந்து கேபினையும் பாடியையும் உள்ளூரிலேயே கட்டிக்கொள்வது நாமக்கல்லில் நெடுங்கால வழக்கம். கதவுக்கடியில் இன்னொரு படி, இரண்டு பக்கமும் பிடிமானமான கைப்பிடி, குலுக்கலை உள்வாங்கும் நல்ல ஸ்பிரிங் இருக்கை, தரையில் நின்றபடியே தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஒரு கப்பி: இதையெல்லாம் செய்யத் தெரிந்த வெல்டர்களும் தச்சர்களும் அங்கேயே இருக்கிறார்கள். பட்டறையில் வண்டியை விடும் உரிமையாளர் பெயிண்டுக்கும் பெயர்ப் பலகைக்கும் எழுதிக்கொடுக்கும் தாளில் இந்த நான்கையும் சேர்த்து எழுதிக்கொடுத்தால் போதும்.